ஃபஜ்ர் முந்தின இரவே தொடங்குகிறது



நம் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வரும். வாய்க்காலை முன்பே தூர்வாரியிருந்தால் அது ஏரிக்கு வரும். இல்லையென்றால் கடலுக்குப் போய்விடும். தை பிறந்தபின் வெற்று ஏரியின் மதகைத் திறந்து என்ன பயன்?

நேரமும் அப்படித்தான். ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு நிஃமத்துகளில்தான் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்துபோகிறார்கள் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

“நேரமே இல்லை” என்கிறோம். நள்ளிரவு வரை செல்போன் பார்க்க நேரம் இருக்கிறது. ஃபஜ்ர் விடியற்காலையில் தவறுவதில்லை. முந்தின இரவே அதைத் தவறவிட்டுவிடுகிறோம்.

வயலிலோ கடையிலோ கழியும் நேரம் வீண் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகளுக்கு ஹலாலான உணவு தேடுகிறேன் என்ற நிய்யத் இருந்தால் அதுவும் இபாதத்தே.

சூரத்துல் அஸ்ரில் அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிட்டு, மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்கிறான். ஈமானும் நல்லமலும் கொண்டு, சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசித்தவர்களே அதிலிருந்து தப்பியவர்கள்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் செல்போனை ஓரமாக வைப்போம். ஃபஜ்ர் ஜமாஅத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.