காய்ச்சலில் படுத்தாலும் கூலி உண்டு!

"ரெண்டு நாள் ஜுரம்தானே... மாத்திரையை முழுங்கிட்டு கம்பெனிக்குப் போயிடறேன். படுத்தா கூலி போயிடுமே!"

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் கேட்கும் பேச்சு இது. ஓய்வில்லாத ஜுரம் நீளும். பக்கத்து மெஷின்காரருக்கும் ஒட்டும். இரண்டு நாளில் தீர வேண்டியது பத்து நாளாகிவிடும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? அது மருந்து மாத்திரைக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகமும் 3.25 சதவீதம் கட்டுகிறது. நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாட்கள் வரை, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் உங்களுக்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தினக்கூலி 500 ரூபாய் என்றால் நாளைக்கு 350. முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. பத்து நாள் படுத்தால் 8 நாளுக்கு 2,800 ரூபாய். அரிசிக்கும் பாலுக்கும் கடன் வாங்க வேண்டாமே!

நினைவில் வையுங்கள்:

* முதல் நாளே இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் பணம் இல்லை.

* ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாட்களாவது சந்தா சேர்ந்திருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்தச் சலுகை.

* காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, சில நிபந்தனைகளுடன், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும்.

வீட்டிலேயே ஷூ 'அப்பர்' தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கோ, இ.எஸ்.ஐ.யில் பெயர் இல்லாததால் இதில் எதுவும் கிடைப்பதில்லை. அவர்கள் படுத்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

உங்கள் வீட்டில் கார்டு இருக்கிறதா? இன்றே எடுத்துப் பாருங்கள்!