சுண்டன் வள்ளமும் நீரின் தடையும்

கேரளத்தில் பம்பையாற்றின் கரையில் ஆரன்முளா என்னும் சிற்றூர் உள்ளது. நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை இதுவே. ஓணத்தை அடுத்து வரும் உத்திரட்டாதி நாளில் இவ்வூர் ஆற்றில் ‘பள்ளியோடம்’ எனப்படும் நீண்ட படகுகள் பாட்டுடன் அணிவகுத்துச் செல்வது வழக்கம். அதே ஆறு கீழே இறங்கிக் குட்டநாட்டை அடையுமிடத்தில், இவற்றின் இனத்தைச் சேர்ந்த சுண்டன் வள்ளம் பந்தயக் கலமாக விளங்குகிறது. 1952-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அப்பகுதிக்கு வருகை தந்தபொழுது நடத்தப்பெற்ற பந்தயமே, அவர் அளித்த வெள்ளிக் கோப்பையின் வாயிலாக, ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் ஆண்டுப் பந்தயமாக நிலைபெற்றது.

இக்கலத்தை முதன்முதலில் செம்பகசேரி மன்னர் போருக்காகச் செய்வித்தார் என்பது மரபுச் செய்தி. அது எவ்வாறாயினும், பௌதிகம் கற்பிப்போருக்கு இதன் வடிவமே சிறந்ததொரு பாடமாகும்.

தச்சர்கள் இதன் நீளத்தைக் கோல் கணக்கில் கூறுவர். ஒரு கோல் 24 அங்குலம் என்பது அவர்களது வாய்பாடு. இந்த அங்குலம் விரலளவேயன்றி ஆங்கில அங்குலம் அன்று. ஆகவே ஒரு கோல் 72 சென்டிமீட்டரே ஆகும். ஐம்பது கோல் கொண்ட வள்ளம் 36 மீட்டர் நீளமுடையது. அகலமோ ஒன்றரை மீட்டரை ஒட்டியதே. இருவர் இருவராக அமர்ந்து துடுப்பு வலிப்போர் ஏறத்தாழ நூறு பேர். அமரத்தில் நின்று திசை திருப்புவோர் சிலர். நடுவில் நிற்போர் கட்டையால் பலகையை இடித்துத் தாளம் காட்டுவர். ஆட்களின் எடை மட்டும் ஆறு டன்னை எட்டும்.

இத்துணை நீளம் எதற்கு? நீரைக் கிழித்துச் செல்லும் எந்தக் கலமும் தன்னுடன் ஓர் அலையை இழுத்துச் செல்கிறது. வேகம் கூடக் கூட அவ்வலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் கலத்தின் நீளத்திற்குச் சமமாகும்பொழுது, கலம் தான் எழுப்பிய பள்ளத்திலேயே அமர்ந்து, முன்னுள்ள மேட்டின்மீது ஏற முயல்வது போலாகிறது. அதற்குமேல் வலிமையைப் பெருக்கினாலும் வேகம் சிறிதே கூடும். இவ்வெல்லையைக் கணிப்பது எளிது. நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் எனக் கிடைக்கும். ஐந்து மீட்டர்ப் படகிற்கு இது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். 36 மீட்டர் வள்ளத்திற்கோ 27 கிலோமீட்டர். பந்தயத்தில் வள்ளங்கள் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் செல்கின்றன. எனவே அலைத்தடை அவற்றைப் பெரிதும் வருத்துவதில்லை.

எஞ்சி நிற்பது நீரின் உராய்வு. நீளம் கூடினால் நீர் தொடும் பரப்பும் கூடும் என்பதால் இத்தடை பெரிது. இதனை அறிந்தே போலும், அடிப்புறத்தில் மீன் எண்ணெய், தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து பூசி வழவழப்பாக்கும் வழக்கம் ஏற்பட்டது.

விசைப்படகு இவ்வெல்லையை வேறு வழியில் கடக்கிறது. 2017 மார்ச்சில் மும்பை மெரீன் டிரைவ் கடற்பரப்பிலும், 2018 நவம்பரில் விஜயவாடாவை அடுத்துக் கிருஷ்ணையாற்றிலும் நடைபெற்ற விசைப்படகுப் பந்தயங்களைக் கண்டோர், படகின் பெரும்பகுதி நீருக்கு வெளியே நிற்பதைக் கவனித்திருப்பர். தட்டையான அடிப்பாகத்தை நீர் மேல்நோக்கித் தள்ளுவதால் படகு அலையின்மீது ஏறி வழுக்கிச் செல்கிறது. இதற்கு எடை குறைந்திருக்க வேண்டும். வலிமை மிகுந்திருக்க வேண்டும். பயிற்சியுடைய ஒருவர் சில நிமிடங்களுக்குத் தரக்கூடியது கால் முதல் மூன்றிலொரு குதிரைத்திறன். நூறு பேர் சேர்ந்தாலும் 25 முதல் 33 குதிரைத்திறனே கிட்டும். இவ்வளவைக் கொண்டு ஆறு டன் மனிதரையும் கலத்தையும் நீருக்குமேல் தூக்க இயலாது. ஆகையால் தச்சர்கள் நீளத்தை நாடியது சரியான தீர்வேயாகும்.

இத்தீர்வு இன்று இரண்டு இடர்களை எதிர்நோக்குகிறது. வள்ளத்திற்கு உகந்தது ஆஞ்சிலி மரம். நீண்ட பலகை தரத்தக்க முதிர்ந்த மரங்கள் அருகிவிட்டன. களப்பணியாளர் அத்தகைய மரங்களைக் காணுமிடத்துச் சுற்றளவையும் கிளையற்ற தண்டின் உயரத்தையும் குறித்து வைத்தல் பயன்தரும்.

மற்றொன்று ஆற்றின் ஆழம். ஆழமற்ற நீரில் அலையின் வேகத்திற்கு ஆழமே எல்லை வகுக்கிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். ஒரு மீட்டரில் 11. கலத்தின் வேகம் இதனை நெருங்கும்பொழுது தடை திடீரென உயர்கிறது. ஆகவே மணல் மேடிட்ட ஆற்றில், வள்ளம் தரைதட்டாவிடினும், அதன் நீளத்தால் விளையும் நன்மை பறிபோகிறது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளம் பம்பையில் ஏராளமான மணலைக் கொணர்ந்து குவித்தது. மணலை அளவின்றி அள்ளினாலோ கரை சரிகிறது. எனவே எங்கு, எவ்வளவு அகற்றுவது என்பது அளந்தறிந்து முடிவு செய்ய வேண்டிய காரியம்.

ஆறு அருகில் இல்லாத பள்ளிகளிலும் இதனைச் சோதித்துக் காட்டலாம். மும்பை சுனாபட்டியிலோ செம்பூரிலோ கற்பிக்கும் ஆசிரியருக்கு இரண்டு மீட்டர் நீளமுள்ள தகரத் தொட்டி ஒன்று போதும். ஒரே எடையுள்ள இரு மரத்துண்டுகளை, ஒன்று நீண்டு ஒடுங்கியும் மற்றது குறுகி அகன்றும் இருக்குமாறு செதுக்கிக் கொள்க. நூலைக் கட்டி, கப்பியின்மேல் செலுத்தி, மறுமுனையில் சிறு எடையைத் தொங்கவிடுக. இரண்டும் தொட்டியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கவும். எடையைப் படிப்படியாகக் கூட்டினால், குறுந்துண்டு முன்னே அலையைக் குவித்துத் தயங்குவதைக் காணலாம். 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரௌட் கப்பல்களின் சிறு உருவங்களைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த முறையும் இத்தகையதே.

பின்னர் நீரைப் பத்துச் சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டராகக் குறைத்து, துண்டுகள் தரையில் உராயாதவாறு பார்த்துக்கொண்டு, நீண்ட துண்டை மீண்டும் இழுத்து நேரத்தை ஒப்பிடுக.