நடப்பவர்க்கும் ஒரு பாதை
(கேப் டவுன் நகரம் தரும் பாடம்)

நகரம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை உயர்ந்த கட்டடங்களும் விரையும் ஊர்திகளுமே. அந்த ஊர்திகளுக்கு நடுவே ஓரமாக ஒதுங்கி நடந்து போகிறவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நகரம் தன் மக்களை எப்படி மதிக்கிறது என்று அறிய வேண்டுமானால், நடந்து செல்பவருக்கு அது எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்தாலே போதும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சற்று சுற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

நகரின் அமைப்பு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்கும் மேசை மலைக்கும் நடுவே அமைந்திருக்கிறது கேப் டவுன். கிழக்கிந்தியத் தீவுகளை நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு நீரும் காய்கறியும் தருவதற்காக, 1652-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியார் இங்கே ஒரு தங்குமிடத்தை நிறுவினர். அதுவே பின்னாளில் பெருநகரமாக வளர்ந்தது. மேசைபோல் உச்சி தட்டையாக இருப்பதால் மேசை மலை என்று பெயர் பெற்ற அம்மலை, கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரம் உடையது.

மலையும் கடலும் நெருக்கும் குறுகிய இடத்தில் பழைய நகரம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே மணற்பாங்கான பெருவெளி ஒன்று விரிந்து கிடக்கிறது. அதனைக் கேப் ஃபிளாட்ஸ், அதாவது கேப் சமவெளி என்பர். மேடு பள்ளம் இல்லாத இந்நிலம் மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது. கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். நகரின் அழுக்குக் காற்றை அடித்துச் செல்வதால் மக்கள் அதனைக் 'கேப் டாக்டர்' என்று செல்லமாக அழைக்கின்றனர். குளிர்காலத்தில் மழை உண்டு. ஆயினும் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் இங்கே பெருந்தடையாக நிற்பவை காற்றும் மழையும் அல்ல. அத்தடையை மனிதர்களே உண்டாக்கினார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

தூரம் எங்கிருந்து வந்தது?

1948-இல் ஆட்சிக்கு வந்த அரசு, நிறத்தைக் கொண்டு மக்களைப் பிரிக்கும் கொள்கையைச் சட்டமாக்கியது. 1950-இல் குழுப் பகுதிகள் சட்டம் பிறந்தது. எந்த நிறத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்பதை அச்சட்டம் வரையறுத்தது. நகரின் மையத்தை ஒட்டி 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்னும் பகுதி இருந்தது. பல இனத்தாரும் பல சமயத்தாரும் அங்கே கலந்து வாழ்ந்தனர். துறைமுகத்திற்கும் கடைத்தெருவிற்கும் நடந்தே வேலைக்குச் சென்று திரும்பினர். 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், அப்பகுதி வெள்ளையர்க்கு மட்டுமே உரியது என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து, தொலைவில் உள்ள சமவெளிக்கு அனுப்பப்பட்டனர்.

1980-களில் காயெலிட்ஷா என்னும் குடியிருப்பு உருவாயிற்று. 'புதிய வீடு' என்பது அப்பெயரின் பொருள். பெயர் இனிமையானது, ஆனால் அது நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு குடியிருப்புக்கும் மற்றொன்றுக்கும் இடையே நெடுஞ்சாலைகளும் இருப்புப் பாதைகளும் வெற்று நிலங்களும் வேலிபோல் அமைந்தன. சாலை என்பது ஊரையும் ஊரையும் இணைப்பதற்கு என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே சாலையே மதிலாக நின்றது!

1994-இல் எல்லா மக்களும் வாக்களித்த தேர்தல் நடைபெற்றது. பிரித்து வைத்த சட்டங்கள் மறைந்தன. ஆனால் சட்டத்தை ஏட்டில் அடித்துவிடுவதுபோல், தாரும் கல்லும் இட்டு அமைத்த சாலையை அடித்துவிட முடியுமா? நேரே பார்த்தால் கூப்பிடு தூரம், நடந்தாலோ சுற்றுவழி. அதனால் 'என்-2' என்னும் பெரு நெடுஞ்சாலையை மக்கள் குறுக்கே ஓடிக் கடக்கும் ஆபத்தான காட்சியை இன்றும் காணலாம். தென்னாப்பிரிக்கா முழுவதிலும் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் நடந்து சென்றவர்களே. அந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் முழுத் தூரமும் நடந்தே பள்ளிக்குச் செல்கின்றனர் என்பதையும் சேர்த்து எண்ணினால், இது எத்துணைப் பெரிய கவலை என்பது விளங்கும்.

1977-ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

கேப் டவுன் கடற்கரையை ஒட்டி ஒரு விந்தையான மேம்பாலம் இருக்கிறது. அது வானத்தில் பாதி தூரம் சென்று, திடீரென அறுந்து நிற்கிறது. மோட்டார் வண்டிகளுக்காகத் தொடங்கிய அந்தக் கட்டுமானம் 1977-இல் நின்றுபோயிற்று.

அதே 1977-இல் வேறொன்றும் நடந்தது. மிதிவண்டிக்குத் தனிப் பாதை வேண்டும் என்ற கோரிக்கையோடு நூற்றுக்கணக்கானோர் நகர வீதியில் மிதிவண்டி ஓட்டி ஊர்வலம் சென்றனர். மறு ஆண்டு, 1978 அக்டோபரில், அவ்வூர்வலத்தின் தொடர்ச்சியாக ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. 525 பேர் பதிவு செய்துகொண்டனர். இன்று 'கேப் டவுன் சைக்கிள் டூர்' என்று உலகப் புகழ் பெற்றிருப்பது அதுவே. 109 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பந்தயத்தில் இக்காலத்தில் முப்பதாயிரம் பேரளவில் கலந்துகொள்கின்றனர்.

பந்தயம் வளர்ந்தது, பாதை அவ்வளவாக வளரவில்லை. ஆண்டில் ஒரு நாள் ஆயிரமாயிரம் சக்கரங்கள் சுழலும் அந்நகரில், அன்றாடம் மிதிவண்டியில் வேலைக்கோ பள்ளிக்கோ செல்வோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தனர். 2017-இல் நகர நிர்வாகம் வெளியிட்ட மிதிவண்டித் திட்டம், 2030-க்குள் அதனை நூற்றுக்கு எட்டாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தது.

செய்தவையும் கற்றவையும்

நகர நிர்வாகம் வாளா இருந்துவிடவில்லை. 2010-இல் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, நகர மையத்திலிருந்து கிரீன் பாயின்ட் விளையாட்டரங்கம் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீள நடைவழியை அமைத்தது. ஊர்திகளை விட்டுவிட்டு மக்கள் ஆடிப்பாடி நடந்து சென்றனர். வடக்கே டேபிள் வியூ பகுதியிலிருந்து நகருக்கு வரும் 'மைசிட்டி' பேருந்துத் தடத்தை ஒட்டி நீண்டதொரு மிதிவண்டிப் பாதையும் உருவாயிற்று. 2013-இல் மேற்குக் கேப் மாகாணம் ஒரு விதி செய்தது: மிதிவண்டியைத் தாண்டிச் செல்லும் மோட்டார் வண்டி குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். இம்முயற்சிகளிலிருந்து நாம் கற்கத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, தொடர்ச்சி. பாதை பாதி வழியில் முடிந்துபோனால் அதனால் பயன் குறைவு. பிரீ தெரு என்னும் நகர வீதியில் மிதிவண்டிக்குக் கோடு போட்டுத் தனியிடம் ஒதுக்கினார்கள். தடுப்பு ஏதும் இல்லாமையால் கார்களும் சரக்கு வண்டிகளும் அதன்மேலேயே வந்து நின்றன. மிதிவண்டிக்காரர் மீண்டும் ஊர்திகளுக்கு நடுவே செல்ல நேர்ந்தது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதுமே பயனற்றுப் போவதை நாம் அறிவோம். பாதையும் அப்படித்தான்.

இரண்டாவது, அச்சமின்மை. இருட்டில் தனியே நடக்க அஞ்சும் பெண்ணுக்கு வெறும் சிமெண்டுத் தளம் மட்டும் உதவாது. காயெலிட்ஷாவில் 2000-களின் நடுவில் தொடங்கிய ஒரு திட்டம் இதனை நன்கு உணர்ந்தது. மக்கள் எந்த வழியாக இரயில் நிலையத்திற்கு நடக்கிறார்கள், எங்கே அஞ்சுகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிந்தனர். அவ்வழிகளில் விளக்கிட்டனர், கடைகளின் வாசல்களைப் பாதையை நோக்கி அமைத்தனர். இடையிடையே சிறு கோபுரம் போன்ற கட்டடங்களை எழுப்பினர். அவற்றில் காவலுக்கு ஆள் இருப்பர். துன்பம் நேர்ந்தால் ஓடிச்சென்று புகலாம். பாதைக்குக் காவல் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களே என்பது இதன் கருத்து.

மூன்றாவது, கருவியும் பழுதுபார்ப்பும். தொலைவிலிருந்து பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு மிதிவண்டி கிடைக்கச் செய்ய, 2001-இல் மைய அரசு 'ஷோவா கலூலா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'எளிதாக மிதி' என்பது பொருள். நல்ல எண்ணம்தான். ஆனால் சக்கரம் பஞ்சரானால் ஒட்டுவதற்குக் கடை இல்லாத ஊரில் மிதிவண்டி எத்தனை நாள் ஓடும்? கேப் டவுனில் 2002-இல் தோன்றிய ஒரு தொண்டு அமைப்பு இக்குறையைக் கண்டது. அயல்நாடுகளிலிருந்து பழைய மிதிவண்டிகளை வரவழைத்து, அவற்றைச் செப்பனிடும் தொழிலை உள்ளூர் மக்களுக்கே கற்றுக்கொடுத்தது. அவர்கள் கப்பலில் வந்த இரும்புப் பெட்டகங்களையே கடைகளாக்கிப் பிழைப்பு நடத்தினர்.

ஒரு கேள்வி

'வீடில்லாதவர் பலர் இருக்கும் நகரில் மிதிவண்டிப் பாதை ஒரு கேடா?' என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பணம் அளவானது, தேவைகள் பல. மேலும், போட்ட பாதையில் ஆளில்லை என்பதும் சில இடங்களில் உண்மையே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நடப்பவர் யார்? காரோ வாடகை வண்டிக்குக் காசோ இல்லாதவரே. நெடுஞ்சாலைக்குச் செலவிடும் பணம் முதலில் கார் உடையவருக்குப் பயன்படுகிறது. நடைபாதைக்குச் செலவிடும் பணம் ஏழைக்கு நேரே போய்ச் சேர்கிறது; செலவும் அதைவிடக் குறைவு. 30 கிலோமீட்டர் தூரத்தை ஒருவர் நாள்தோறும் மிதித்துவிட முடியாது என்பது மெய். ஆனால் வீட்டிலிருந்து இரயில் நிலையத்திற்கோ பள்ளிக்கோ உள்ள மூன்று நான்கு கிலோமீட்டரை அச்சமின்றிக் கடக்க முடிந்தால், அங்கிருந்து இரயிலும் பேருந்தும் கைகொடுக்கும். ஆகவே பாதைகளை முதலில் போட வேண்டிய இடம் குடியிருப்புகளுக்கு உள்ளேயும் நிலையங்களைச் சுற்றியுமே. கடற்கரைக் காட்சியைக் கண்டு மகிழ உதவும் பாதை அதற்குப் பிறகு வரலாம்.

வரைபடம் பார்க்கும் முறை

நிலநூல் ஏட்டில் ஒரு நகரின் வரைபடத்தைக் காணும்போது, மலை, ஆறு, துறைமுகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். இனி இந்நான்கு கேள்விகளையும் கேட்டுப் பழகுவோம்:

1. ஏழை மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? வேலை எங்கே இருக்கிறது?
2. இரண்டுக்கும் நடுவே குறுக்கிடுவது எது?
3. நம் வயதுடைய ஒரு பெண் அதனைக் கால்நடையாகக் கடக்க வழி உண்டா?
4. மாலை இருட்டிய பிறகும் அவ்வழியே அவள் அச்சமின்றித் திரும்ப முடியுமா?

கேப் டவுனின் வரைபடத்தில் முதல் இரு கேள்விகளுக்கும் விடை, மக்களைப் பிரித்த காலத்தில் எழுதப்பட்டது. மற்ற இரண்டுக்கும் விடையை அந்நகர மக்கள் ஒவ்வொரு பாலமாகவும், ஒவ்வொரு விளக்குக் கம்பமாகவும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் பேத்தி, புத்தகப் பையோடு பத்திரமாகப் பள்ளிக்கு நடந்து சென்று வீடு திரும்பும் நாளில் அவ்விடை நிறைவு பெறும்.