காவடி வருகிறது... உங்கள் தோட்டம் தயாரா?

"வருஷம் முழுக்க நமக்கு, ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் முருகனுக்கு!"

எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி என் மாமியார் இப்படித்தான் சொல்வார். திருத்தணியில் மலையடிவாரப் பக்கம் வீடும் கொல்லையும் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பூக்காவடியோடு நடந்தும், பஸ்ஸிலும், ரயிலிலும் வந்து இறங்குகிற லட்சக்கணக்கான பேருக்குச் சத்திரமும் மண்டபமும் எந்த மூலைக்கு? நாலு மரமும் ஒரு கிணறும் இருக்கிற வீடு என்றால், கேட் தானாகவே திறந்துகொள்ளும். யாரையும் "வாங்க" என்று அழைக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திருத்தணிக்குக் கூட்டம் வரும் நாட்களைப் பாருங்கள். ஆடிக் கிருத்திகை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். கந்த சஷ்டி (இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான்) சரியாக வடகிழக்குப் பருவமழையில். டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூஜை நடக்கிற படித் திருவிழாவின்போதும் மண்ணில் ஈரம் காய்ந்திருக்காது. ஆக, விருந்தாளியும் ஈரமும் சேர்ந்தேதான் நம் வீட்டுக்கு வருகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு வரை நாங்களும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. பந்தல் போட்டு, பானையில் தண்ணீர் வைத்தால் வேலை முடிந்தது என்றிருந்தோம். அந்த ஆடியில் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் தெலுங்குக் குடும்பம் எங்கள் கொல்லையில் இரண்டு ராத்திரி தங்கியது. அவர்களுடைய ஒன்பது வயதுப் பையன் காற்றாட வேண்டுமென்று வேலியோரம் செம்பருத்திச் செடிகளுக்கு அடியில், புல் மேலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்து அவன் அம்மாவிடமிருந்து போன். பையனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி. டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. "ஸ்க்ரப் டைபஸ்" என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார். இரண்டே நாளில் ஜுரம் விட்டது.

அது எங்கள் தோட்டத்தில்தான் தொற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலியோரப் புல்லை நாங்கள் மாதக்கணக்கில் வெட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதரில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்

நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்களே, அதுதான் இது. நாய் மேல் தொங்கும் பெரிய உண்ணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மைட் எனும் சிறு பூச்சியின் குஞ்சு. புல் நுனியில் காத்திருந்து, அந்தப் பக்கம் வரும் எலி மேலோ மனிதர் மேலோ ஏறிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது. காய்ச்சல் பெரும்பாலும் பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். வேலூர், சித்தூர் வட்டாரத்து டாக்டர்களுக்கு இது பழகிய நோய். மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும்.

ஆகவே முதல் வேலை அரிவாள் வேலைதான். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக வேலியோரப் புல்லையும் புதரையும் ஒட்ட வெட்டுங்கள். வெட்டியதை மூலையில் குவித்து வைத்தால் பாதி வேலைதான் செய்தீர்கள், குவியலுக்குள் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். விறகு, தென்னை மட்டை, பழைய ஓடு எல்லாம் அப்படித்தான். படுக்கும் இடத்தை வேலியிலிருந்து தள்ளியே வையுங்கள். தார்ப்பாய் விரித்து அதன்மேல் பாய் போடுங்கள். குழந்தைகளுக்குக் கயிற்றுக் கட்டில் கிடைத்தால் ரொம்ப நல்லது.

வெறுங்காலை நினையுங்கள்

நமக்கு நம் தோட்டம் மனப்பாடம். வருகிறவருக்கு அப்படியில்லை. விரதம் இருந்து, களைத்து, வெறுங்காலோடு, இருட்டில் வருகிறார். ஒருநாள் ராத்திரி டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் கேட்டிலிருந்து கிணற்றடி வரை நீங்களே நடந்து பாருங்கள். எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று உங்கள் கால் சொல்லும்.

சேற்றுக்கு என்ன போடுவது? இதில் நாங்கள் எல்லாத் தப்பும் செய்து பார்த்துவிட்டோம். வைக்கோல் முதல் நாள் மெத்தை மாதிரி இருக்கும், இரண்டாவது மழையில் கூழாகி வழுக்கும். அடியில் ஆணி கிடந்தாலும் தெரியாது. கருங்கல் ஜல்லி வெறுங்காலுக்குத் தண்டனை. செங்கல் துண்டில் பாசி பிடிக்கும். கடைசியில் கைகொடுத்தது கிரஷர் தூள். நாலடி அகலத்துக்கு இரண்டு அங்குல உயரம் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடித்துவிட்டால் இறுகிக்கொள்கிறது. தோட்டம் முழுவதும் வேண்டாம், நடக்கிற வழிக்கு மட்டும் போதும். மற்ற இடத்துக்குக் கயிறு கட்டி மறித்துவிடுங்கள்.

ஆனால் தண்ணீர் போக வழி செய்யாமல் எதைக் கொட்டினாலும் வீண்தான். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத் தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஓர் அடி அகலம், அரை அடி ஆழ வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். பக்கத்து வீட்டுக்குள்ளோ கிணற்றுப் பக்கமோ அல்ல! வெட்டிய பிறகு நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கும் இடம் அங்கேயே தெரிந்துவிடும். தேங்கிய சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவே எலிக் காய்ச்சல் கிருமி உள்ளே போகும். நடந்து நடந்து புண்ணான கால் என்றால் கேட்கவே வேண்டாம்.

துவைக்கிற கல், கிணற்றடித் தளம் இரண்டும் வயதானவர்களின் இடுப்பெலும்புக்கு எமன். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி இருபது நிமிஷம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டைச் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

சீரியல் லைட்டை மரத்தில் சுற்றுகிற ஆசையை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள். மோட்டாருக்கும் தோட்டத்து விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக் பிரேக்கர் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். முருங்கைக் கிளை ஈரத்தில் சொல்லாமல் முறியும். முன்னதாகவே கழித்துவிடுங்கள். இடி இடித்தால் மரத்தடியில் ஒருவரும் நிற்கக் கூடாது, எல்லோரையும் வீட்டு வராந்தாவுக்குள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தரை அழுக்காகும்தான், கழுவிக்கொள்ளலாம்.

முருகனுக்கு உகந்த அரளி எங்கள் கொல்லையிலும் உண்டு. இலை, பூ, காய், விதை எல்லாமே விஷம். அதிலும் மஞ்சள் அரளிக் காய் பார்க்க அழகாக இருப்பதால் குழந்தைகள் விளையாட்டாக வாயில் வைத்துவிடும். உதிர்ந்த காயைக் காலையும் மாலையும் பொறுக்கிவிடுங்கள்.

தண்ணீரும் ஒதுங்கும் இடமும்

டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்கச்சி, பந்தல் துணியில் தொங்கும் மழைநீர், பழைய டயர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கொசு கடிப்பது பகலில். மத்தியானம் மரநிழலில் தூங்குகிற யாத்ரீகரைத்தான் அது தேடி வரும்.

குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் நல்லது. கூட்டம் பெரிதென்றால் 1000 லிட்டர் தொட்டிக்கு சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். மூடியும் குழாயும் உள்ள டிரம் வையுங்கள், ஆளாளுக்குக் கையை விட்டு மொள்ளக் கூடாது. எழுதி வைக்கும்போது தெலுங்கிலும் எழுதுங்கள். 1960 ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது, வருகிறவர்களில் பாதிப்பேர் "தாகே நீள்ளு" எங்கே என்றுதான் கேட்பார்கள்.

அடுத்தது, நாம் பேசக் கூச்சப்படுகிற விஷயம். பெண்கள் ஒதுங்க இடம் இல்லையென்றால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்து நீர்க்கடுப்பில் அவதிப்படுவார்கள். வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட மனம் வரவில்லையா? தற்காலிகமாக மறைப்புக் கட்டுங்கள், கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி. வாளி, சோப்பு, ஒரு விளக்கு.

பாம்பு கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் 108-க்குப் போன் செய்து உடனே அரசு மருத்துவமனை. ஆணி குத்தியவருக்கு டெட்டனஸ் ஊசி.

எல்லோரும் கிளம்பிய பிறகு இலைகளையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் அன்றைக்கே அள்ளிவிடுகிறோம். கிளம்பும்போதே ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு வார்த்தை சொல்கிறோம்: "இன்னும் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, தோட்டத்துல படுத்தோம்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. உடம்புல கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க."

"சாமி கும்பிட வந்தவங்களைப் பயமுறுத்துறியேம்மா" என்று மாமியார் முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது நான் மறந்தாலும் அவரே சொல்லிவிடுகிறார்.

புத்தூர்க் குடும்பம் இன்றும் வருகிறது. அந்தப் பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. வந்ததும் வராததுமாக வராந்தாவில் இருக்கும் கயிற்றுக் கட்டிலில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவன் அவன்தான்.