ஒட்டும் சொற்கள்

மரப்பட்டையில் காயம்பட்ட இடத்தில் கசிந்து இறுகும் சாற்றைப் பிசின் என்பர். மாவை நீரில் கரைத்துக் காய்ச்சி ஒட்டுவதற்குப் பயன்படுத்துவது பசை. அலுவலகங்களில் தாள் ஒட்ட உதவுவதைக் கோந்து என்பது வழக்கு. இது இந்தியிலிருந்து வந்த சொல். இன்றைய பேச்சிலோ இம்மூன்றும் ‘கம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

பொருளின் இயல்பறிந்தே முன்னோர் பெயரிட்டனர். வேலம்பிசின் நீரில் கரையும். ஆதலால் மை செய்யவும் மருந்துப்பொடியை வில்லையாக்கவும் பயன்படுகிறது. பாதாம் பிசின் கரையாமல் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருக்கும். மதுரையின் ஜிகர்தண்டாவில் இதனைக் காணலாம். நீரில் கரையாத மரப்பாலாகிய குங்கிலியம், நறும்புகைக்கு உரியதாகிப் பிசினினும் வேறான பெயர் பெற்றது.

ஒட்டும் தன்மையைக் குறித்த இச்சொற்கள் காலப்போக்கில் மாந்தரின் இயல்பையும் சுட்டலாயின. ஈரப்பசை, எண்ணெய்ப்பசை எனப் பொருள்களின் மேல் நின்ற பசை என்னும் சொல், உள்ளத்தின் நெகிழ்ச்சிக்கும் பெயராயிற்று. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில் (1098) தலைவி ‘பசையினள்’ எனப்படுகிறாள். உள்ளம் நெகிழ்ந்தவள் என்பது பொருள். இன்றைய வழக்கில் ‘பசையுள்ள ஆள்’ என்றால் செல்வர். அச்செல்வத்தைக் கைவிட்டு நீங்காமல் பற்றிக்கொள்பவரோ ‘பிசினாறி’ என்று இகழப்படுவார். ‘ஒட்டு’ என்னும் வினையும் இவ்வாறே விரிந்தது. நெருங்கிய தொடர்பு ஒட்டுறவு எனப்பட்டது. உள்ளத்தால் ஒட்டாத பகைவரை வள்ளுவர் ‘ஒட்டார்’ (826) என்றார்.

ஒட்டுதல் என்னும் பண்பு ஒன்றே. அது மனிதரைப் பற்றும்போது அன்பு. பணத்தைப் பற்றும்போது கஞ்சத்தனம். இவ்வேறுபாட்டைத் தமிழ்ச்சொற்கள் தம்முள் காத்துவருகின்றன.

பிறமொழிச் சொல் வருவது புதிதன்று. ‘கம்’ என்னும் சொல்லும் எகிப்திய மொழியில் தோன்றி, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு வழியாகவே ஆங்கிலத்தை அடைந்தது. அங்கே பல்லின் ஈறுக்கும் அதே ஒலியுடைய சொல் உண்டு. எனினும் அதன் வேர் வேறு. கோந்து தமிழில் கலந்தபோது பசையும் பிசினும் தத்தம் இடத்திலேயே நின்றன. வந்த சொல் இருந்த சொற்களை அகற்றும்போதுதான் இழப்பு நேர்கிறது. பசை என்பது புட்டியில் உள்ளது மட்டுமே என்று எண்ணும் மாணவருக்கு, ‘பசையினள்’ மெல்ல நகுவதன் பொருள் விளங்காமற் போகும்.