ஹாலில் ஒரு விண்கலம், உள்ளே இருபது பாட்டில்

அறிவியல் புனைகதைப் படங்களில் நாம் வாய் பிளந்து பார்க்கும் பொருள்களில் பல, ஏதோ ஒரு கடையில் வாங்கியவை அல்லது காயலான் கடையில் பொறுக்கியவை. 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் மதுக்கூடத்தில் பின்னணியில் நிற்கும் சாராயம் வடிக்கும் கலன்கள், ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினிலிருந்து கழற்றிய பாகங்கள். 1980-ல் வந்த அடுத்த படத்தில் அதே பாகம் ஐஜி-88 என்ற ரோபோவின் தலையாகிவிட்டது. ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் கேப்டன் கிர்க் காலத்து சாரியன் பிராந்தி ஊற்றிவைத்த வளைந்த குப்பி, ஜார்ஜ் டிக்கல் என்ற அமெரிக்க விஸ்கி கம்பெனி விற்ற கொம்பு வடிவ பாட்டில். ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்தில் ஹாரிசன் ஃபோர்டு கையில் வைத்திருக்கும் சதுரக் கண்ணாடித் தம்ளர், சீனி போயரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 1970-களில் வடிவமைத்து, கடைகளில் விற்பனைக்கு வந்தது.

இந்தத் தகவல்கள் கொடுத்த தைரியத்தில்தான் எங்கள் சென்னை பிளாட்டின் ஹாலில் விண்கல பாணியில் ஒரு மது அலமாரி கட்டினேன். கட்டிப் புழங்கிய அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இது: அது ஒழுங்கான அலமாரியாக இருக்க வேண்டும், விண்கலம் அதற்கு அப்புறம். பொத்தான் என்று ஒன்றை வைத்தால் அது எதையாவது செய்ய வேண்டும். சும்மா மினுக்கும் விளக்கு, விருந்தாளி இரண்டாவது முறை வரும்போதே சலித்துவிடும்.

ஏதாவது ஒரு உலகம்

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்தின் சிவப்புக் கண், பக்கத்தில் ஒரு ஜெடாய் வாள், மேலே நியான் எழுத்து என்று எல்லாவற்றையும் சேர்த்தால் பொருட்காட்சி ஸ்டால்தான் மிஞ்சும். பொதுவாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ‘2001’ பாணியில் வெள்ளை வெளேர் என்ற சுத்தமான விண்கலம். இன்னொன்று, ‘ஏலியன்’ (1979) படத்தின் நாஸ்ட்ரோமோ மாதிரி எண்ணெய்ப் பிசுக்கும் கீறலுமாக உழைத்துக் களைத்த சரக்குக் கப்பல்.

வெள்ளைப் பாதையில் ஒவ்வொரு இணைப்பும் மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். பளபளப்பான வெள்ளைச் சன்மைக்காவில் கைரேகை, தூசி, எறும்பு, எல்லாமே தெரியும். சரக்குக் கப்பலில் அந்தத் தொல்லை இல்லை. வேலை நடக்கும்போது உளி வழுக்கிக் கீறினாலும் அது அலங்காரக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். நான் நாஸ்ட்ரோமோ பக்கம் போனேன்.

பெட்டி

நிரம்பிய 750 மில்லி கண்ணாடி பாட்டில் சுமார் ஒன்றேகால் கிலோ இருக்கும். ஒரே தட்டில் இருபது பாட்டில் அடுக்கினால் இருபத்தைந்து கிலோ. மூன்றடி நீளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட்டை நடுவில் தாங்கல் இல்லாமல் போட்டால் நாளடைவில் தொய்யும். நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். அல்லது முன் விளிம்பின் கீழே ஓர் அங்குல ரீப்பர் அடியுங்கள். பாட்டில்களின் உயரம் சுமார் 30 செ.மீ.; சில இன்னும் உயரம். தட்டுகளுக்கு நடுவே 14 அங்குலம் விட்டால் கையை உள்ளே விட்டு எடுக்கவும் இடமிருக்கும். தண்ணீரும் ஐஸும் சிந்துகிற இடம் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைதான் சரி.

கதவு விண்கலக் கதவுபோல மேலே எழும்ப வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் கார்பெண்டர் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, “மேல தொறந்தா கிளாஸை எங்க சார் வெப்பீங்க? கீழ தொறங்க, மேசையாயிடும்” என்றார். அந்த ஒரு வாக்கியம் அலமாரியின் முகத்தையே மாற்றியது. இப்போது நடுக் கதவு கீழ்நோக்கித் திறந்து, இரண்டு பக்கமும் ஸ்டீல் தாங்கி பிடித்துக்கொள்ள, கலக்கும் மேசையாக நிற்கிறது. விண்கலத்தின் சரக்கு வாசலும் அப்படித்தானே கீழே சரியும்!

அந்த மேசையில் விளிம்பு மடித்த எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பதியுங்கள், கழற்றிக் கழுவும்படியாக. மது சிந்தினால் ஆவியாகிவிடும். சர்பத் சிந்தினால் எறும்பு வரும். ஒரு சொட்டு நன்னாரிப் பாகு காய்ந்திருந்தால் போதும், விளக்குப் பட்டை பதித்த அலுமினியச் சட்டத்தின் இடுக்கிலிருந்து பொடி எறும்பு வரிசையாக இறங்கி, பதித்த பொத்தான்களைச் சுற்றி வளைத்து, சரியாக அந்தச் சொட்டின் மேல் மொய்க்கும். கம்பி போகிற துளைகளையெல்லாம் சிலிக்கான் பசையால் அடைப்பது இதற்காகத்தான்.

விளக்கு

பணம் குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இதில்தான். விதி ஒன்றே: வெளிச்சம் தெரியலாம், விளக்கு தெரியக் கூடாது. பாட்டில்களுக்குப் பின்னால் பால் நிற அக்ரிலிக் தகடு, அதற்கும் இரண்டு அங்குலம் பின்னால் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை. இந்த இடைவெளி இருந்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் ஒரே பரப்பாகக் கசியும். விஸ்கியும் ரம்மும் பின்னொளியில்தான் தங்கள் நிறத்தைக் காட்டும்.

ஓடும், துடிக்கும், நிறம் மாறும் விளக்கு வேண்டுமென்றால் டபிள்யூ.எஸ்.2812பி வகைப் பட்டையை ஒரு மீட்டர் மட்டும் வாங்குங்கள். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள பட்டையில் ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்; மொத்தம் 3.6 ஆம்பியர். செல்போன் சார்ஜர் அதற்குத் தாங்காது. 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். ஒரு இ.எஸ்.பி.32 போர்டில் டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், நிரல் எழுதத் தெரியாதவர்களும் போனிலிருந்து எல்லாவற்றையும் இயக்கலாம். சென்னையில் இத்தனையும் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

அடாப்டர் அலமாரிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். சால்டரிங் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் முதல் பாட்டில் உள்ளே போக வேண்டும்.

எங்கள் அலமாரியில் எல்லோரும் கேட்டு அழுத்தும் பொத்தான், புற ஊதா விளக்கினுடையது. டானிக் வாட்டரில் கசப்புக்காகச் சேர்க்கும் குயினைன், புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். விளக்கை அணைத்துவிட்டு பொத்தானை அழுத்தினால் சாதாரண ஜின் அண்ட் டானிக் வேற்றுக்கிரகத்துப் பானமாகிவிடும். இந்த விளக்கு, அழுத்தும்போது மட்டும் எரிகிற சுவிட்சில் இருக்க வேண்டும். ஒளி தொடர்ந்து பட்டால் பீரில் உள்ள ஹாப்ஸ் சத்து சிதைந்து கெட்ட வாடை வரும்.

புதுப்பேட்டை

‘ஸ்டார் வார்ஸ்’ மாடல் கலைஞர்கள் டாங்கி, போர்க்கப்பல் பொம்மை செட்டுகளை வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் விண்கலங்களின் மேற்பரப்பைச் செய்தார்கள். நமக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டிப் பாகங்கள் குவிந்துகிடக்கும் அந்தத் தெருக்களில் ஏர் ஃபில்டர் மூடி, அலுமினிய வார்ப்பு, மீட்டர், குழாய் என்று எடைக்குக் கிடைக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் வாடை முழுவதும் போன பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மது வாசனையை முகர்ந்து குடிக்கும் இடத்தில் கிரீஸ் நெடி வந்தால் காரியம் கெட்டது.

ஒட்டிய எல்லாவற்றுக்கும் முதலில் ஒரே சாம்பல் நிற பிரைமர் அடியுங்கள். அப்போதுதான் பிளாஸ்டிக் மூடியும் அலுமினியத் துண்டும் ஒரே இயந்திரத்தின் உறுப்புகளாகச் சேரும். பிறகு தூரிகையில் வெள்ளி பெயின்டைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக இழுங்கள். கை படும் இடங்களில் மட்டும் பெயின்ட் தேய்ந்ததுபோல் இருந்தால் கண் நம்பிவிடும். பாகங்களைக் கொத்தாக ஒரு மூலையில் குவித்து, பக்கத்தில் வெறும் பரப்பு விடுங்கள்; சமமாகத் தூவினால் எடுபடாது.

எனக்குப் பிடித்த பாகம் ஒரு பழைய அம்பாசிடர் மீட்டர். அதன் முள்ளுக்குப் பின்னால் சின்ன சர்வோ மோட்டார்; அலமாரிக்குள் இருக்கும் வெப்ப உணரி சொல்வதை முள் காட்டும். மே மாதத்தில் முள் 35-ஐ விட்டு இறங்காது. ஆகவே ஒயினை இதில் வைப்பதில்லை. ஒயினை அடிப்படையாகக் கொண்ட வெர்மூத்தும் திறந்த பிறகு பிரிட்ஜுக்குத்தான். விஸ்கி, ரம், வோட்கா தாங்கும். ஆனால் நிற்கவைக்க வேண்டும். படுக்கவைத்தால் வீரியமான மது கார்க்கை அரித்துவிடும்.

எழுத்தும் குறியீடும்

நாஸ்ட்ரோமோவின் கதவுகளுக்கும் அறைகளுக்கும் வடிவமைப்பாளர் ரான் காப் வரைந்த சின்னஞ்சிறு சதுரக் குறியீடுகள்தான் அந்தக் கப்பலை நிஜமாக்கின. அதே முறையில் ஐஸ், கண்ணாடி, கசப்பு, இனிப்பு, தீ என்று சொந்தமாக வரைந்து, வினைல் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுத்து வாங்கலாம். தட்டுகளுக்கு ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் போட்டேன். வருகிறவர்களில் பலர் வேற்றுக்கிரக எழுத்து என்றே நினைக்கிறார்கள். மெயின் சுவிட்சின் பெயர் ஜீனோ. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் வரும் அந்த ரோபோ நாயைத் தெரிந்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

உள்ளே என்ன?

பாதி இடம் குடிக்காதவர்களுக்கு. விண்கலத்தைப் பார்க்க அதிகம் ஆசைப்படுகிறவர்கள் பிள்ளைகள்தான். அவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையென்றால் அலமாரி தோற்றது. காய்ந்த சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் ஆழ்ந்த நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். புளிப்பு கூடக் கூடப் பூவின் நிறமி நிறம் மாறுவதுதான் சூட்சுமம். பெரியவர்களுக்கு அதே நீலத்தில் வோட்கா சேர்த்தால் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் கேட்கும் ரோமுலன் ஏல்.

இரண்டு விஷயங்களைத் தவிர்த்தேன். பொத்தானை அழுத்தினால் தானாக ஊற்றும் பம்ப் ஒன்று. பாகு உள்ளே உறையும், குழாயை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். இன்னொன்று, புகை கிளப்பும் உலர் பனிக்கட்டி. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் அது தோலைப் பொசுக்கும், துண்டு வயிற்றுக்குள் போனால் ஆபத்து, மூடிய அறையில் கரியமில வாயு சேரும்.

பூட்டு அவசியம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்; வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. அலமாரியின் அளவைத் தீர்மானிக்கும் முன்பே அந்த வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவில் எங்கே கையைச் சுருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பிளை, கீல், அடாப்டர் மூன்றும் புதிதாக, நல்ல கம்பெனியாக இருக்கட்டும். மற்றதெல்லாம் புதுப்பேட்டையிலிருந்து வரலாம்.