ஹார்டு டிஸ்க் மோட்டாருக்குக் கண் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்விட்ச்சைப் போட்டதும் கேபினட் அருகே காது கொடுத்துக் கேளுங்கள். 'விர்ர்' என்ற ஓசை மெல்ல எழுந்து, பிறகு ஒரே சீராக நிற்கும். அதில் ஒரு பங்கு ஃபேனுடையது. மறு பங்கு ஹார்டு டிஸ்க்குடையது. எஸ்.எஸ்.டி. மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் இந்த இரண்டாவது ஓசை இருக்காது. அதில் சுழலும் பாகமே இல்லை. ஆனால் பேக்கப்புக்காக நாம் வாங்கும் பல எக்ஸ்டர்னல் டிரைவ்களில் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது.

அதன் தட்டுகள் பொதுவாக நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. சுழற்றுவது பிரஷ் இல்லாத ஒரு சிறிய மோட்டார். இதில் காப்பர் சுருள்கள் அசையாது; நிரந்தரக் காந்தம்தான் சுழலும்.

இடம் ஏன் தெரிய வேண்டும்?

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் அது ஆடும். அதுபோல, காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சுருளுக்கு மின்சாரம் தர வேண்டும் என்று முடிவு செய்யலாம். கம்ப்யூட்டர் ஃபேனில் இதற்காக ஹால் சென்சார் என்ற சிறிய சிப் இருக்கும். ஹார்டு டிஸ்க் மோட்டாரில் அதுவும் இல்லை.

சும்மா இருக்கும் சுருள் சொல்லும் சேதி

மோட்டாரில் மூன்று தொகுதிச் சுருள்கள் உள்ளன. ஒரு நேரத்தில் இரண்டுக்கு மட்டுமே மின்சாரம் போகும். மூன்றாவது சும்மா இருக்கும். காந்தம் அதைக் கடக்கும்போது அதில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். இதன் பெயர் பேக் இ.எம்.எஃப். அது பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைக் கவனித்து, காந்தத்தின் இடத்தைக் கன்ட்ரோலர் சிப் கணக்கிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டே, கயிற்றின் இழுப்பை வைத்து ஊஞ்சலைத் தள்ளுவது போன்றது இது.

நின்றிருந்தால்?

காந்தம் அசையாவிட்டால் இந்த மின்னழுத்தமும் இல்லை. எனவே ஒவ்வொரு சுருளுக்கும் மிகச் சிறிய மின் துடிப்பு அனுப்பப்படும். மோட்டாரைத் திருப்ப அது போதாது. காந்தம் நிற்கும் நிலையைப் பொறுத்து மின்னோட்டம் ஒரு சுருளில் சற்று வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஏறும். அந்த வித்தியாசமே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு ஆலைகள்

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007இல் கம்ப்யூட்டர் ஆலை தொடங்கியது. சாம்சங் ஆலையும் அங்கே 2007இல்தான் வந்தது. அங்கே ஃபிரிட்ஜ் தயாராகிறது. கம்ப்யூட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்குள்ளும் நிரந்தரக் காந்த மோட்டார்தான். வாயுவும் எண்ணெயும் சூடும் நிறைந்த, முழுதும் மூடி வெல்டிங் செய்த இரும்புக் கூட்டுக்குள் அது ஓடுகிறது. அங்கே சென்சார் நீண்ட நாள் தாங்காது. அதற்கென்று கூடுதல் வயர் இழுத்தால் வாயு கசியவும் வழியாகும். ஆகவே அங்கேயும் சுருளின் மின்சாரத்தை அளந்தே இடம் அறிகிறார்கள்.

திடீரென்று கரண்ட் போனால்?

ஹார்டு டிஸ்க்கில் டேட்டாவைப் படிக்கும் ஹெட், தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தட்டு நின்றால் ஹெட் அதன்மேல் இறங்கிவிடும். கரண்ட் போனதும், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் சில கணங்களுக்கு ஜெனரேட்டர் ஆகிறது. இடம் அறிய உதவிய அதே பேக் இ.எம்.எஃப். இப்போது ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்துகிறது.

இதனால் தப்புவது ஹெட்டும் தட்டும்தான். நீங்கள் சேவ் செய்யாத ஃபைல் தப்பாது! ஆகவே:

1. டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். வையுங்கள்.
2. எக்ஸ்டர்னல் டிரைவைக் கழற்றும் முன் 'சேஃப்லி ரிமூவ் ஹார்டுவேர்' கொடுங்கள்.
3. கழற்றிய பின், ஓசை முழுதும் அடங்கும் வரை டிரைவைக் கையில் எடுக்காதீர்கள்.